கலிங்கும் ஆட்டுத்தலையும்

தேநீர் நன்றாக இருக்கிறது. கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டீர்கள், அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் அரைக் கோப்பைதான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். நீங்கள் அல்மாத்தி நகரத்தில் வளர்ந்தவர், உங்கள் மேல் தப்பில்லை. என்னைக் கிளம்பச் சொல்லும் எண்ணமும் உங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

என் பெயர் துலேகென். வயது அறுபத்து மூன்று. அணை என்னுடையதுதான். கூட்டுப்பண்ணையைக் கலைத்துப் பங்கு போட்டபோது மற்றவர்கள் டிராக்டரையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் அணையைக் கேட்டேன். சிரித்தார்கள். ஒன்பது மீட்டர் உயர மண்கரை, ஒரு மதகு, உபரி நீர் வழிந்தோட ஓரத்தில் ஒரு கலிங்கு, அவ்வளவுதான். இரண்டு கோடை கழிவதற்குள் சிரித்தவர்கள் எல்லாரும் தண்ணீர் கேட்டு என் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வயிறாரச் சாப்பாடு போட்டேன். தண்ணீர் விட்டேனா என்பது வேறு விஷயம்.

தனியார் அணையை ஆண்டுக்கு ஒரு தடவை அரசு ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவன். பதினோரு ஆண்டுகளாக எங்கள் பகுதிக்கு மர்குலான்தான் ஆய்வாளர். தங்கமான மனிதர், கொஞ்சம் மூட்டுவலி உண்டு. முதல் தடவை வந்து இறங்கியதுமே, "அண்ணே, மொதல்ல அணையப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். வாசலுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு கரை ஏற விடுவதா?

"அணை எங்க ஓடிப்போகப் போகுது? கையக் கழுவிட்டு உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

உட்கார்ந்தால் ஆடு வெட்ட வேண்டும். வெட்டினால் வேக மூன்று மணி நேரம். வெந்ததும் தலையை முக்கிய விருந்தாளி முன்னால் வைப்போம். அவர்தான் அதை அறுத்துப் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அவரே இரு கைகளையும் ஏந்தி ஆசி சொல்வார். அதற்கு முன் பந்தியிலிருந்து எழுவது எங்களில் யாரும் செய்யாத காரியம். மர்குலானுடைய ஆசி நீளமானது. அது முடிந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மங்கிய வெளிச்சத்தில் மண்கரையில் என்ன தெரியும்? விரிப்பின் மேலேயே வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளும் அப்படியே. விசாரணைக்கு நீங்கள் எடுத்துப்போன சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் கொழுப்புக் கறை இருக்கும், கவனித்திருப்பீர்கள். பத்திரிகையில் லஞ்சம் என்று எழுதியிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம். ஒரு காசு நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

கலிங்கைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அடைத்தது நான்தான். பலகை நிறுத்தி, மண்மூட்டை அடுக்கி, ஒரு மீட்டர் உயர்த்தினேன். விருந்தாளிகளுக்குக் கெண்டை மீன் பிடிக்கும், கெண்டைக்கு ஆழம் வேண்டும். மதகின் திருகு துருப்பிடித்து இறுகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சரி செய்ய ஆளைக் கூப்பிட்டால் தண்ணீரை வடிக்கச் சொல்வான். வடித்தால் மீன் போய்விடும். யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒராஸ் என்னிடம் இருபத்தாறு ஆண்டுகளாக அணைக் காவல்காரன். நல்லவன், கொஞ்சம் பயந்த சுபாவம். அவன் மகள் குன்சுலு கீழே தாஸ்கெஷு ஊரில் இருந்தாள். ஓடைக்கு அக்கரையில் தனியாக நிற்கும் முதல் வீடு. இரண்டு மாதக் கைக்குழந்தை. அந்த வாரம் மூன்று நாள் விடாமல் வெதுவெதுப்பான மழை பெய்து மலையில் பனி உருகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையே ஒராஸ் வந்து சொன்னான்.

"கரைக்கு அடியில கசியுது, அண்ணே. தெளிஞ்ச தண்ணியா இருந்தா வேர்க்குதுன்னு விட்டுடலாம். இது கலங்கி வருது. உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். கலிங்குப் பலகையைப் புடுங்கிடட்டுமா?"

"வியாழக்கிழமை மர்குலான் வர்றாருல்ல? மூட்டையும் பலகையுமா வாசல்ல குவிச்சு வெச்சா விருந்து வீடு மாதிரியா இருக்கும்? அவங்க போனப்புறம் புடுங்கிக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்கணுமே, அண்ணே."

"ஆய்வுக்குன்னே ஒருத்தர் வர்றாரு. அதுக்குள்ள நாமளே ஒரு முடிவு பண்ணா, அவருக்கு என்ன மரியாதை?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பிப் போனான்.

வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் விடியும்போதே ஆட்டை வெட்டியிருந்தேன். மர்குலானோடு தில்னாஸ் என்று ஒரு புதுப் பொறியாளர்ப் பெண். காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எனக்குப் பசிக்கல, ஐயா. அணையப் பாத்தாப் போதும்."

"பசிக்காதவங்களும் சாப்பிடற வீடும்மா இது" என்று உள்ளே அழைத்தேன். காலணிகளைப் பத்திரமாக உள் அறையில் வைக்கும்படி என் மனைவியிடம் சொன்னேன். மர்குலான் ஆட்டுத்தலையிலிருந்து ஒரு காதை அறுத்து அவளிடம் நீட்டினார்.

"காதைச் சின்னவங்களுக்குக் குடுக்கறது எதுக்குத் தெரியுமா? பெரியவங்க சொன்னா கேக்கணும்னுதான்."

"கேக்கறேன், ஐயா. அந்தக் கரை என்ன சொல்லுதுன்னும் கொஞ்சம் கேட்டுட்டு வரட்டுமா?"

எல்லாரும் சிரித்தோம். கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் வளர்ப்பு போதாது.

ஒன்றேகாலுக்கு ஒராஸ் வந்து நின்றான். இடுப்பு வரை சேறு. "அண்ணே, ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றான். என்ன சொல்ல வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உணவு விரித்திருக்கும் இடத்துக்கு வந்தவன் ஒரு வாயாவது சாப்பிட்டுத்தான் பேச வேண்டும். "உக்காருடா" என்றேன். நின்றான். விருந்தாளிகள் முன்னால் என்னை மறுத்து அவனுக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்து என் காதோரம் குனிந்து, "கரை நடுவுல ஒரு முழம் இறங்கிடுச்சு. அரை மணி, முக்கால் மணிதான் தாங்கும்" என்றான்.

நான் ஒரு கை நிறையக் கறியை அள்ளி அவன் வாயில் வைத்தேன். எங்களில் அது பெரிய மரியாதை, பிரியமானவர்களுக்குத்தான் செய்வோம். வாய் நிறையக் கறி இருப்பவனால் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. குன்சுலு. பந்தியில் போன் பேசுவது அழகில்லை. வாங்கி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன். நான்கு தடவை அடித்து ஓய்ந்தது. அவன் கறியை விழுங்கிவிட்டு, "பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன், அண்ணே" என்றான். கண் கலங்கியிருந்தது. "ஆசி முடியட்டும்" என்றேன்.

அந்தப் பொறியாளர்ப் பெண் அவன் காற்சட்டைச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரையில தண்ணி கலங்கலா வருதா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான், ஆசியும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை, எழுந்து காலுறையோடு ஓடினாள். காரை எடுத்து ஹாரனை அழுத்தியபடியே ஊருக்குள் இறங்கிப் போனாள். பத்தொன்பது வீட்டுக்காரர்கள் மேட்டில் ஏறியது அந்தச் சத்தத்தால்தான். மறைக்க மாட்டேன். ஆனால் கார்ப்பாதை ஓடைக்கு இக்கரையோடு முடிந்துவிடும். அக்கரைக்கு மரப்பாலம்தான், அதன் மேல் ஏற்கனவே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"பொண்ணு திரும்பி வந்து தொல்லை பண்றதுக்குள்ள போட்டுடறேன்" என்று மர்குலான் காகிதத்தை எடுத்தார். அணை நல்ல நிலையில் இருப்பதாகப் பதினோராவது சான்றிதழ் ஒன்று நாற்பதுக்குக் கையெழுத்தானது. நேரத்தையும் குறித்திருக்கிறார், அதிலெல்லாம் அவர் சுத்தம். பிறகு கையேந்தினார். ஒராஸ் எழப் பார்த்தான். அவன் முழங்காலை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவனும் கையேந்தி உட்கார்ந்தான். என் குளம் என்றும் நிறைந்திருக்க வேண்டும் என்று மர்குலான் வேண்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. மேலே மலை சரிகிறது என்றுதான் அவர் நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை.

ஒன்பது பேர். குன்சுலுவையும் குழந்தையையும் மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கலிங்கை அடைத்தது நான். திங்கட்கிழமையிலிருந்தே கரை போகும் என்று தெரியும். ஒராஸின் வாயை அடைத்ததும், போனைப் பிடுங்கி வைத்ததும், முழங்காலைப் பிடித்ததும் தெரிந்தேதான். விருந்து நடுவில் என் வீட்டுப் பேர் கெடுவதை என்னால் பார்க்க முடியாது. காரணத்தை மட்டும் சரியாக எழுதுங்கள். பேராசை என்று எழுதாதீர்கள். மரியாதை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் வந்தது. ஊரை விட்டுப் போகக்கூடாது என்றுதானே என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள், ஊரில்தான் இருந்தேன். ஒன்பது பேருக்காகவும் துக்கச் சாப்பாடு போட என் சொந்தக் குதிரையை அறுத்தேன். இருநூறு பேருக்கு விரிப்புப் போட்டு வீடு வீடாகச் சொல்லி அனுப்பினேன். ஒருவர்கூட வரவில்லை. ஒராஸ் வீட்டுக்கு நானே தட்டை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. பரம விரோதி கூப்பிட்டாலும் துக்கச் சாப்பாட்டுக்கு வந்து ஒரு வாய் வைப்பதுதான் எங்கள் மண்ணின் வழக்கம். என் குற்றத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஆனால் அந்த இருநூறு பேரின் பெயர்களையும் தருகிறேன், ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களையும் கூப்பிட்டு நீங்கள் விசாரிக்க வேண்டும்.