சர்வர் ரூமுக்கு வந்தவள்

லோகநாயகி: இன்னொரு தபா அந்தப் பேரச் சொன்னே, தோசக்கல்ல அணச்சிட்டுப் போயிடுவேன்.

உத்தமன்: யாரு பேர?

லோகநாயகி: சிம்ரன்! ஊட்டுக்குள்ள காலு வெச்சதுலேர்ந்து சிம்ரன் அப்டி சொன்னா, சிம்ரன் இப்டி பண்ணா... மூணு வாரமா இதே பாட்டு.

உத்தமன்: ஆபீஸ்ல நடக்கறத ஊட்ல பொண்டாட்டியாண்ட சொல்லாம வேற யாராண்ட சொல்றது?

லோகநாயகி: பாக்க நல்லா இருப்பாளா?

உத்தமன்: அடியே... நான் எதப் பத்திப் பேசறேன், நீ எதக் கேக்கற?

லோகநாயகி: கேட்டதுக்கு பதிலச் சொல்லு.

உத்தமன்: ஆவடி குவாட்டர்ஸ் பொண்ணுடி. சின்னப் பொண்ணு. அவளப் பாத்தாலே எனக்குப் பத்திகினு வருது.

லோகநாயகி: பத்திகினு வருதுன்னா... எது மாதிரி?

உத்தமன்: லோகா! வயிறு எரியுதுடி. பதினாலு வருஷமா மண்ணூர்பேட்டைல அந்த சர்வர் ரூமு குளுருல ஒக்காந்து நான் காப்பாத்துனத, நேத்து வந்தவ பிரிச்சி மேஞ்சிகினு கீறா.

லோகநாயகி: அவள யாரு கூப்ட்டது?

உத்தமன்: எம்.டி.தான். இத்தினி நாளு சர்வர ஓட்டிகினு இருந்த சாஃப்ட்வேர் கம்பெனிய வேற ஒருத்தன் வாங்கிட்டான். லைசென்ஸ் வெல தாறுமாறா ஏறிடுச்சி. அத்த வுட்டுட்டு வேறத்துக்கு மாறலாமான்னு எம்.டி. கேட்டாரு. ஆவாது சார்னு சொன்னேன். வெளிக் கம்பெனிலேர்ந்து இவளக் கூட்டியாந்துட்டாரு. இவ, ஆவும் சார்ங்கறா!

லோகநாயகி: ஆச்சா?

உத்தமன்: இரு, வரேன். ஒரு பெரிய மெஷினு கீதுன்னு வெச்சிக்க. அதுக்குள்ள நாப்பது சின்ன மெஷினு இருக்கற மாதிரி...

லோகநாயகி: வர்ச்சுவல் மெஷின்னு சொல்லேன். நானும் பி.சி.ஏ. படிச்சவதான். எழில் பொறக்கறதுக்கு முன்னாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கம்ப்யூட்டர் வேல பாத்தவதான்.

உத்தமன்: அது அப்போ. இப்ப எல்லாம் மாறிப்போச்சி. டிஸ்க்கு சுத்தற சத்தமே கெடையாது, எல்லாம் ஃப்ளாஷ். ராத்திரி பூரா ஓடற பேக்கப்பு, டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள முடியுது. அதுல ஒரு காப்பிய வைரஸ் பூந்தாகூட அழிக்க முடியாதாம். எம்.டி.யே நெனச்சாலும் முடியாதாம். எனக்கு வாங்கித் தராதவரு, அவ கேட்டதும் வாங்கியாந்துட்டாரு.

லோகநாயகி: நீ கேட்டியா?

உத்தமன்: ...கேக்கணும்னுதான் இருந்தேன்.

லோகநாயகி: சரி, போன ஞாயித்துக்கெழம எதுக்குப் புதுச் சட்ட போட்டுகினு போன?

உத்தமன்: எல்லா மெஷினையும் புதுசுக்கு மாத்தற நாளுடி. எம்.டி. வராரு, எல்லாரும் வராங்க...

லோகநாயகி: சென்ட்டு?

உத்தமன்: வேர்க்கும்ல!

லோகநாயகி: சர்வர் ரூமு குளுரும்னு இப்பதான் சொன்னே.

உத்தமன்: உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியாது. இன்னொரு தோச போடு.

லோகநாயகி: போடறேன். அன்னிக்கி இன்னா ஆச்சி? அத்த மட்டும் சொல்லவே மாட்டற.

உத்தமன்: எல்லா மெஷினும் ஏறிடுச்சி. டிஸ்பேட்ச் மெஷின் மட்டும் எந்திரிக்கல. பழசு அது. நீலக் கலர் ஸ்கிரீன் வந்து நின்னுபோச்சி. வாசல்ல லாரிங்க லோடு ஏத்திகினு நிக்குது. அது இல்லாம கேட் பாஸ் போட முடியாது. டிரைவருங்க கத்தறானுங்க. அவ மூஞ்சியப் பாக்கணுமே...

லோகநாயகி: சந்தோஷமா இருந்துச்சா?

உத்தமன்: ...இன்னாடி கேள்வி இது?

லோகநாயகி: மேல சொல்லு.

உத்தமன்: அப்புறம் எழுந்துச்சி. எம்.டி. எல்லார் முன்னாடியும் என் கையப் புடிச்சிக் குலுக்கனாரு. "உத்தமன், நீ இல்லன்னா இன்னிக்கி நாறிப்போயிருக்கும்"னாரு.

லோகநாயகி: நீதான் சரி பண்ணியா?

உத்தமன்: பின்ன?

லோகநாயகி: இன்னா பண்ண?

உத்தமன்: அது... டெக்னிக்கலு. உனக்குப் புரியாது.

லோகநாயகி: புதுசுல டிஸ்க்கப் படிக்கறதுக்கு வேற டிரைவர் சாஃப்ட்வேரு. பழைய மெஷினுக்குள்ள அத்த முன்னாடியே போட்டுட்டுத்தான் மாத்தணும். இல்லன்னா அதோட டிஸ்க்கே அது கண்ணுக்குத் தெரியாது. இத்தானே? சட்னி போதுமா?

உத்தமன்: உனக்கு யாரு சொன்னா?

லோகநாயகி: "தனியா பாக்க வேண்டிய மெஷினு எதனா கீதா சார்"னு அவ முன்னாடியே உன்னக் கேட்டாளாம். "ஒண்ணும் இல்ல"ன்னியாம். தெரிஞ்சிகினே கையக் கட்டிகினு நின்னிருக்க. பேரு மட்டும் உத்தமன்.

உத்தமன்: நீ... அவளப் பாத்தியா?

லோகநாயகி: புதங்கெழம. எழில ஸ்கூல்ல வுட்டுட்டு நேரா உன் கம்பெனி கேட்டுக்குத்தான் போனேன். நீ உள்ள மீட்டிங்ல இருந்தே.

உத்தமன்: எதுக்குப் போன?

லோகநாயகி: சண்ட போட. வேற எதுக்கு? எம்புருஷன வுட்டுடுன்னு கேக்கணும்னு, அயனம்பாக்கத்துலேர்ந்து மனசுக்குள்ளயே பேசிகினு போனேன். எதிர்ல வந்து நின்னா. தூக்கமில்லாம கண்ணெல்லாம் செவந்துபோயி... "சார் ஊட்டம்மாவா? வாங்கக்கா, டீ சாப்புடலாம்"னா. சண்ட போட வந்தவ, அவ பின்னாடியே டீ குடிக்கப் போயிட்டேன்.

உத்தமன்: என் மானத்த வாங்கிட்டா.

லோகநாயகி: யாரு, அவளா? எம்.டி.யாண்ட உன் பேரச் சொன்னதே அவதான்யா. அவளே கண்டுபுடிச்சி சரி பண்ணிட்டு, "சார்தான் கண்டுபுடிச்சாரு"ன்னு சொல்லிக்கீறா. ஏம்மா அப்டி சொன்னேன்னு கேட்டேன். "நான் கொஞ்ச நாளுல போயிடுவேன்க்கா, அப்புறம் அந்த ரூம்ல சார்தானே இருக்கணும்"னா.

உத்தமன்: அப்போ... எம்.டி. கை குடுத்தது?

லோகநாயகி: அவ குடுத்தது.

உத்தமன்: அதுவும் அவ போட்ட பிச்சதானா! லோகா, அவ வுழணும்னுதான்டி நின்னுகினு இருந்தேன். வுழுந்தப்புறம் பாக்க முடியல. சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். திரும்ப மூடிகினேன்.

லோகநாயகி: தெரியும். அன்னிலேர்ந்து நீ தூங்கல.

உத்தமன்: நீ மட்டும் இன்னா? நேர்ல பாத்துட்டு வந்துகினு, நல்லா இருப்பாளான்னு என்னக் கேக்கற!

லோகநாயகி: நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான். ...நல்லாத்தான் கீறா. ஆனா லாப்டாப்பத் தொறந்து எனக்குக் காட்டனா பாரு, அந்த டிஸ்பேட்ச் மெஷின எப்டி எழுப்பனான்னு... அப்ப வந்துச்சிய்யா நெஜமான வயித்தெரிச்சலு. அவ மூஞ்சியப் பாத்து இல்ல. அந்த ஸ்கிரீனப் பாத்து. பாதி புரிஞ்சிது. மீதி புரியலயேன்னு அழுவாச்சியா வந்துச்சி.

உத்தமன்: லோகா...

லோகநாயகி: எத்தினி வருஷமா நீ வந்து ஆபீஸ் கத சொல்ற, நான் தோச சுட்டுகினே கேக்கறேன். நீ உன் பொறாமய அவ மேல காட்டிட்ட. நான் என் பொறாமய உன் மேல வெச்சிகினு, சிரிச்சிகினு இருந்தேன்.

உத்தமன்: ...என் மேலயா?

லோகநாயகி: உன் மேலதான்.

உத்தமன்: ...சரி. இப்ப நான் இன்னா பண்ணணும்ங்கற? நாளைக்கிப் போயி அவளாண்ட மன்னிப்பு கேக்கவா?

லோகநாயகி: நாளைக்கி வேணாம், திங்கக்கெழம கேளு. நானும் பக்கத்துல இருப்பேன்... சிம்ரன் வேல பாக்கற கம்பெனில டிரெய்னியா சேந்துட்டேன். மொதல்ல உன் சர்வர் ரூமுக்குத்தான் அனுப்பறாங்களாம்.