பஸ்ஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தவர்

ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் தலையில் புத்தம்புது ஆரஞ்சு ஹெல்மெட் இருந்தது. சேற்றில் பைக் ஓட்டுகிறவர்கள் போடும், தாடை நீண்ட ரகம்.

"பஸ்ஸுல எதுக்குங்க ஹெல்மெட்?" என்றார் கண்டக்டர்.

"நான்தாங்க கழட்டாதீங்கன்னேன்," என்றார் மனைவி. "அரை மணி நேரம் போட்டுகினு இருந்தா சைஸு சரியான்னு தெரிஞ்சிடுமாம். வலிச்சா கடைக்காரரு மாத்தித் தரேன்னாரு. போன மாசம் ஏரிக்குள்ள வண்டிய வுட்டாருங்க. மலிவா லூஸா ஒண்ணு வச்சிருந்தாரு. இவரு வுழறதுக்கு முன்னாடியே அது கழண்டு வுழுந்துடுச்சி. தோள்பட்டையோட போச்சி. தலையா இருந்தா?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"வலிக்குதா?" என்று கணவரைக் கேட்டார் மனைவி.

"இல்லியே."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார்.

"இல்லன்றேன்ல."

மனைவி தானே ஹெல்மெட்டைக் கழற்றினார். கணவரின் நெற்றியில் விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பெரிய சைஸு கறுப்புலதான் இருக்குதாம். எனக்கு இந்தக் கலருதான் புடிச்சிருக்குது."

"விலை ஒண்ணுதானே? கலரப் பாத்தா நான் உங்கள கட்டிகினேன்? எறங்குங்க!"

கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசில் ஊதினார். ஆரணி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.