ஜூரி கதவைத் தட்டும் வரை

— கால்குலேட்டர் கேட்டிருக்காங்கம்மா! ஜூரி ரூம்லேர்ந்து ஜட்ஜுக்குச் சீட்டு வந்திருக்கு. "ஒரு கால்குலேட்டர் கிடைக்குமா?" அவ்வளவுதான் எழுதியிருக்கு. லோரீனம்மா, கேக்குதா உங்களுக்கு?

— கேக்குது சார். அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறீங்க?

— குதிக்காம? ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு நெனைக்கிற பன்னெண்டு பேருக்குக் கால்குலேட்டர் எதுக்குங்கிறேன்? உள்ள நஷ்டஈட்டைக் கூட்டிப் பெருக்கிட்டிருக்காங்கம்மா. உங்க இடுப்புல இருக்கிற கம்பி, இன்னும் செய்யவேண்டிய ஆபரேஷன், இனி நீங்க தடி ஊணி நடக்கப்போற வருஷம், எல்லாத்தையும். மிசிசிப்பியில எந்த வக்கீலை வேணாலும் கேளுங்க. கால்குலேட்டர் கேட்டா கேஸ் நம்ம பக்கம்.

— லாரி கம்பெனிக்காரங்க ஒரு தொகை தர்றேன்னாங்களே, அது இன்னும் இருக்கா?

— இருக்கு. ஜூரி முடிவெடுத்துட்டு உள்ளேர்ந்து கதவைத் தட்டற வரைக்கும் இருக்கும். தட்டிட்டா போச்சு. தட்டட்டும்ங்கிறேன்.

— அதையே வாங்கிக்கலாம் சார்.

— என்னது?

— கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்.

— ஐயோ தாயே! ரெண்டு வருஷம் இழுத்துப் பிடிச்சு இங்க வந்திருக்கோம். இந்த மழைச் சத்தத்துல நீங்க தூங்கிட்டீங்கன்னு நெனைக்கிறேன்.

— தூங்கத்தான் செஞ்சேன், பெஞ்சுல சாஞ்சவாக்குல. கனவுல வினோனா வந்தா.

— உங்க தங்கச்சியா?

— ம்ம். அன்னிக்கு மோதின அதே கார்தான். ஆனா சத்தமே இல்ல சார், படகு மாதிரிப் போகுது. பனி ஜன்னல் வழியா உள்ள வந்து எங்க மடியில உக்காந்துக்குது. அவ வேகவச்ச கடலையைத் தின்னுட்டே தொலியெல்லாம் என் பையில போடறா. "வந்துட்டோமா அக்கா?"ங்கறா. இல்லடி, இன்னும் தூரம் இருக்குங்கறேன். "இருந்தா இருக்கட்டும், அவசரமா என்ன?"ங்கறா.

— பாத்தீங்களா? அவசரப்படாதேன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

— என்னவோ, எதைச் சொன்னாலும் கேஸுக்கு இழுத்துக்கறீங்க.

— பொழப்பும்மா. எனக்கும் கனவுல வருவாங்க, முப்பத்தொரு வருஷமா நான் பாத்த கட்சிக்காரங்க அத்தனை பேரும். ஒரு பெரிய சர்ச்சு. முன்னால மரமில்லு ஆர்லோ, மூணு விரல் போன கையால விசிறிட்டிருப்பான். அவன் பக்கத்துல, மளிகைக் கடையில ஊறுகாய்த் தண்ணியில வழுக்கி விழுந்த டீச்சரம்மா. ஒரு பாதிரியார், சொத்தைப் பல்லை விட்டுட்டு அவரோட நல்ல பல்லையெல்லாம் டாக்டர் பிடுங்கிட்டான். அவர் பாடுவார், வெறும் காத்துதான் வரும். எல்லாரும் திரும்பிப் பாத்து எனக்குக் கையாட்டுவாங்க. நான் எந்த வரிசையில உக்காரணும்னு தெரியாம நின்னுட்டே இருப்பேன்.

— எல்லாம் ஜெயிச்ச கேஸா?

— இருநூத்திச் சொச்சம் கேஸ். ஒண்ணுகூடத் தோக்கல. பைபாஸ் ரோட்டுல என் மூஞ்சி போட்ட போர்டுல அதைத்தானே எழுதியிருக்கேன்?

— அதைப் பாத்துதானே எங்க வீட்டுல உங்களுக்குப் போன் பண்ணினாங்க. அந்தப் போர்டுல உங்களுக்கு முடி நிறைய இருக்கு.

— அது அந்தக் காலத்து மூஞ்சி. கிண்டல் பண்ணுங்க, பரவால்ல.

— அப்போ தீர்ப்பு கேக்கறதெல்லாம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

— ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க. நான் ஒரு தீர்ப்புகூடக் கேட்டதில்ல.

— ஆங்?

— அத்தனையும் சமரசம்மா. கோர்ட்டு வாசப்படி வரைக்கும் வருவேன், கம்பெனிக்காரன் ஒரு தொகை சொல்வான், கையெழுத்து வாங்கிடுவேன். மோதினாத்தானே தோக்கறதுக்கு! பன்னெண்டு பேரு எழுந்து நின்னு, இந்த டெல்மர் பிக்கெட் சொன்னது நிஜம்தான்னு சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்ல. அறுபத்தாறு வயசாச்சு. வெக்கமா இருக்கு.

— பாவம் சார் நீங்க.

— பாவம்தான். அதான் கேக்கறேன், இந்த ஒரு கேஸ்.

— அந்தச் சமரசப் பேப்பரை ஒருக்காப் படிங்க. தப்பு யாருதுன்னு வர்ற எடம்.

— "இரு தரப்பிலும் எவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை." இதுவா?

— இன்னொருக்கா.

— "இரு தரப்பிலும் எவரும்..." என்னம்மா, தாலாட்டா இது? காசைக் குடுத்துட்டுக் கையைக் கழுவிக்கற வரி!

— எனக்குப் பிடிச்சிருக்கு. யார்மேலயும் இல்ல.

— அது எப்படி யார்மேலயும் இல்லாமப் போகும்? விடியக்காலம், கண்ணு தெரியாத பனி. ரோட்டோரமா லாரியை நிறுத்தி வச்சிருக்கான், பின்விளக்கு ரெண்டும் எரியல. நீங்க போய் மோதினீங்க, தங்கச்சி போயிட்டாங்க. கேஸே அந்த விளக்குதான். அதோ எதிர் பெஞ்சுல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கானே டிரைவர், அவன் பொறுப்பு அது.

— கார்லிஸ் திங்கல சார். ஒரு மணி நேரமாக் கையிலயே வச்சிட்டிருக்கான்.

— அவனைப் பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

— காலையில எனக்குக் கதவைத் திறந்து பிடிச்சான். நான் தடி ஊணி வந்து சேர்ற வரைக்கும் தொப்பியைக் கழட்டிட்டு நின்னான். கூண்டுல என்ன சொன்னான்? "விளக்கைப் போட்டேன்னுதான் நெனச்சேன். இந்த அம்மா பாத்துச் சொல்றாங்கன்னா போடாமத்தான் இருந்திருப்பேன்"னான். அவனே நம்பிட்டான் சார்.

— நமக்குக் கிடைச்ச தங்கமான சாட்சி அதுதான்.

— தீர்ப்பு வந்தா அவனுக்கு என்ன ஆகும்?

— எவனும் லாரியைக் குடுக்க மாட்டான். ஒரு பொண்ணைக் கொன்னவன்னு ஊர் பேசும். அது நம்ம கவலை இல்லம்மா.

— பேனா குடுங்க.

— லோரீனம்மா...

— முடிவு என்னுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— உங்களுதுதான். நான் மாட்டேன்னு சொல்ல சட்டத்துல எடமில்ல. கெஞ்சறேன், அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷம், எனக்காக. தோத்துடுவோம்னு பயப்படறீங்க, எனக்குப் புரியுது.

— அந்தப் பயம் இல்ல சார்.

— பின்ன என்ன?

— பேனாவைக் குடுங்க.

— சரி, இந்தாங்க. எனக்குத்தான் குடுப்பினை இல்ல. இங்க, உங்க பேருக்கு நேரா...

— பிக்கெட் சார்! ஜூரி தட்டிட்டாங்க. ஜட்ஜ் வந்து உக்காந்துட்டாரு.

— ஆர்வில், நெஜமாவா?

— முப்பது வருஷமா இங்க டவாலியா இருக்கேன், இதுல விளையாடுவேனா? சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும்.

— போச்சும்மா, அந்தப் பேப்பர் இனிமே செல்லாது! நல்லதுக்குத்தான்ங்கிறேன். எந்திரிங்க, என் கையைப் பிடிச்சுக்கோங்க. இதென்ன, ஏன் அழறீங்க? நாம ஜெயிச்சாச்சு லோரீனம்மா!

— ஆஸ்பத்திரியில எனக்கு மயக்கம் முழுசாத் தெளியறதுக்குள்ள, லாரி விளக்கு எரியலதானேன்னு கேட்டீங்க, நானும் தலையாட்டிட்டேன். ரெண்டும் பளிச்சுனு எரிஞ்சுது சார். நான்தான் ரோட்டைப் பாக்காம வினோனாவோட சிரிச்சிட்டிருந்தேன்.