லேப்டாப்பின் இரைச்சல்

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். தெற்கத்திப் பேச்சுக்காரி சொன்னாள்: "லேப்டாப் ஃபேனைச் சரி பண்ணச் சொன்னது தப்பாப் போச்சுக்கா."

"இன்னாத்துக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஊர்ல பாப்பா என்னை வீடியோவுல பாக்கது அதுலதான். ஆன் பண்ணதும் ஃபேன் இரையும். எங்க கெடந்தாலும் அம்மான்னு ஓடியாந்துருவா."

"நல்லாத்தானே கீது."

"எங்க வீட்டுக்காரரு தன் வேலைக்கு ஆன் பண்ணாலும் ஓடியாந்து, ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு நிக்காளாம். மனசு கேக்கல. சரி பண்ணிருங்கன்னுட்டேன்."

"பண்ட்டாரா?"

பஸ் வல்லம் வடகாலைத் தாண்டியது.

"பண்ணியாச்சு. நேத்து நான் ஸ்கிரீன்ல வந்து உக்காந்திருக்கேன். அவருக்குப் பின்னால அவ பாட்டுக்கு வெளையாடிக்கிட்டிருக்கா."