கிரிஜா ஏறாத ரயில்

“ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ரயில் இருந்துதாம்”னு நான் ஆரம்பிச்சாலே மான்ட்ரியால்ல இருக்கற தமிழாள் அத்தனை பேரும் எழுந்து போயிடறா சார்! நீங்க உக்காருங்கோ. உங்க தம்பி வர லண்டன் ஃப்ளைட்லதான் என் ஆத்துக்காரி கிரிஜாவும் வரா. இந்த டோர்வல் ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் தாண்டவே அரைமணி ஆகும்.

அந்த ரயிலுக்கு ட்ஸுபாமேன்னு பேர். ஜப்பான் எக்ஸ்பிரஸ். ஆயிரத்தித் தொளாயிரத்து முப்பதுலயே டோக்கியோலேர்ந்து கோபேக்கு ஒம்போதே மணி நேரம்! யுத்தத்துல நிறுத்தி, மறுபடி விட்டான். அறுபத்திநாலுல புல்லட் ட்ரெயின் வந்துதோ இல்லியோ... புது மருமக மாமியாரை அறை அறையா பின்னாடி தள்ளுவாளே, அப்படி! டோக்கியோ பக்கமே வராதேன்னுது. எழுபத்திரெண்டுல, இனிமே ஒகயாமாலேர்ந்துதான் கிளம்பணும்னு தள்ளித்து.

அறுபத்தாறுல எனக்கு நகோயாவுல ட்ரெயினிங். அந்த ட்ஸுபாமேல போனேன் சார்! ஜன்னலோரம்! ஒம்போது வருஷமா சொல்லிண்டே இருக்கேன். “மெட்ராஸ் போற வழில நானும் ஏறித்தான் பாக்கறேன்”னு கிரிஜா போனா. ஒகயாமாலேர்ந்து தபால் கார்டு போடறா: ‘இங்க அப்படி ரயிலே இல்ல. இத்தனை வருஷமா அளந்துண்டிருந்தேளா?’

பொய்யாம்! நானாம்! நேத்திக்குத்தான் நகோயா சிநேகிதர் லெட்டர் வந்துது. பாருங்கோ, இந்த வருஷம் மார்ச் ஒம்போதோட அந்த ரயிலையே நிறுத்திட்டான். இத அவ மூஞ்சிக்கு நேரா நீட்டப் போறேன்!

என்ன? அவ கிளம்பினதா? அதே ஒம்போதாம் தேதி, ஞாயித்துக்கிழமை. மொதல்ல மூணாம் தேதி திங்கக்கிழமைக்குத்தான் டிக்கெட். நான்தான் மாத்தினேன். திங்கள்னா கிழக்கே சூலம் இல்லியோ? ஜப்பான் கிழக்காச்சே!

எதுக்கு சிரிக்கறேள்? ஃப்ளைட்டா... வான்கூவர் வழியா. வான்கூவர் இங்கேர்ந்து...

மேற்கு.

ஐயையோ! ஞாயிறுன்னா மேற்கே சூலமாச்சே! திங்கக்கிழமை சமத்தா போயிருப்பா, ரயில்லயும் ஏறியிருப்பா. நானே தேடிப்பிடிச்சு சூலத்துல அனுப்பி... சார், லெட்டரைக் காட்டினா தேதி பாப்பாளே! பொய்யன்னு நெனச்சா ஒரு வாரம் பேசமாட்டா. இது தெரிஞ்சா ஆயுசுக்கும் பேசுவா!

கதவு திறக்கறது... அவதான்! சார், இந்த லெட்டரை நீங்க வெச்சுக்கோங்கோ. சார்... தம்பி வந்தா இப்படியா ஓடறது!

வா கிரிஜா, வா! ஒத்துக்கறேன்மா. அப்படி ஒரு ரயில் ஜப்பான்லயே கெடயாது. சும்மா அளந்தேன்... கையிலயா? ஒண்ணுமில்ல, பழைய... கிரிஜா, அத குடு! நடந்துண்டே படிக்காதே... பெட்டி இங்கயே இருக்கு... கிரிஜா!