கதவுக்கு முட்டுக்கொடுத்த ஈயம்

காற்று வீசாத நாளிலும் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, கால் நனையாமல் கரையில் நின்றே கருத்துச் சொல்லும் பெரியவர்களே, உப்பேறிய துணிகளைத் துவைத்துத் துவைத்து ஓய்ந்த தாய்மார்களே, கயிறு இழுத்துக் கை காய்த்த பந்தய வீரர்களே, வீராங்கனைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கோப்பையைக் கொடுக்க என்னை அழைத்திருக்கிறீர்கள். என் கணவரின் பெயர் பொறித்த கோப்பை. நேற்றைய பந்தயத்தில் முதலில் வந்தது நாற்பத்தேழாம் எண் படகு. அதன் சுக்கானைப் பிடித்தவள் என் மகள். கம்பியில் தொங்கியவர் என் மருமகன். தந்தையின் பெயரில், தாயின் கையால், மகளுக்குக் கோப்பை. படத்துக்கு நல்ல காட்சிதான். ஆனால் படம் எடுக்கும் தம்பி, சற்றுப் பொறுங்கள்.

உலகம் முழுவதும் 'கேட்டமரான்' என்று சொல்வது நம் கட்டுமரத்தைத்தான் என்று தொடங்குவது இப்படிப்பட்ட மேடைகளின் வழக்கம். கைதட்டலும் கிடைக்கும். நான் அப்படித் தொடங்கவில்லை. சொல் நம்முடையது என்பதற்காகப் படகு வேகமாக ஓடுவதில்லை.

பிறகு எதனால் ஓடுகிறது? பளபளக்கும் பூச்சினாலா? பகட்டான பாயினாலா? பந்தயத்துக்கு முதல் நாள் செய்யும் பிரார்த்தனையினாலா? இல்லை. எடை குறைவதால் ஓடுகிறது. இரண்டு மெல்லிய உடல்கள், அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்கள், மேலே பாய். காற்று பிடித்ததும் ஓர் உடல் தண்ணீரை விட்டு எழுகிறது. மற்றது கத்தியாய்க் கிழித்துப் போகிறது. கவிழாமலிருக்க ஒருவர் கம்பியில் தொங்கியபடி வெளியே சாய்கிறார். அந்த வேளையில் ஒவ்வொரு கிலோவும் படகின் காலைப் பிடித்து இழுக்கும்.

ஆகவே நமக்கு ஒரு விதி. எந்தப் படகும் நூற்றெண்பது கிலோவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால், குறைந்த அளவுக்கு ஈயத்தை முன் சட்டத்தில் முடுக்க வேண்டும். அந்த ஈயத்தில் படகின் எண்ணைக் குத்துபவள் நான். பத்தொன்பது ஆண்டுகளாகத் தராசும் என் பொறுப்பு, அளவு நாடாவும் என் பொறுப்பு. 'டேப்பம்மா' என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் அழைப்பது எனக்குத் தெரியும். சில பேர் முகத்துக்கு நேராகவே அழைக்கிறார்கள். அவர்கள் தேவலாம்.

போன ஆண்டு ரொட்டிக்கடை அண்ணன் தம்பி படகைக் கரையிலேயே நிறுத்தினேன். அறுநூறு கிராம் குறைவு. விடியற்காலை வரை மாவு பிசைந்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார்கள். முதல் சுற்று அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அப்போது தம்பி என்னிடம் கேட்டார்:

"உங்க வீட்டுப் படகா இருந்தா நிறுத்துவீங்களா, டேப்பம்மா?"

"நிறுத்துவேன்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

இன்று காலை சமையலறையைப் பெருக்கினேன். கடல் காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டாக, ஒட்டு டேப் சுற்றிய இரண்டு துண்டு ஈயம் வைத்திருந்தேன். படகுக்காரர் வீட்டில் ஈயத்துக்கா பஞ்சம்? மூன்று வாரமாக அதைச் சுற்றித்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன். இன்று நகர்த்தினேன். டேப் கிழிந்து எண் தெரிந்தது. நாற்பத்தேழு. நான் குத்திய எண். ஏழின் கால் கொஞ்சம் வளைந்திருக்கும், சுத்தியல் வழுக்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது.

என்ன நடந்தது என்று நான் துப்புத் துலக்கத் தேவையிருக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அந்தப் படகின் முன் சட்டம் விரிசல் விட்டது. மருமகன் எங்கள் கொல்லையில் வைத்துப் புதிய சட்டம் மாட்டினார். கழற்றிய ஈயத்தைச் சமையலறைப் படியில் வைத்தார். திரும்ப மாட்ட மறந்தார். தலா இரண்டு கிலோ. மொத்தம் நான்கு கிலோ குறைவாக நேற்று ஓடியிருக்கிறது. பதினொரு வினாடி வித்தியாசத்தில் வென்றிருக்கிறது.

பின்வரிசையில் யாரோ, "நாலு கிலோதானே, விட்டுடுங்க" என்கிறீர்கள். ஐயா, உங்கள் குரல் எனக்குத் தெரியும். எதிரிப் படகில் கால் கிலோ குறைகிறது என்று என் வாசலில் வந்து நின்றவர் நீங்கள்தான்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பதினோரு செகண்டும்மா. நாலு கிலோ இல்லாட்டியும் ஜெயிச்சிருப்போம்."

"இருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

மருமகன் வந்தார். "அத்தை, மாட்ட மறந்தது நான். மேடைல என்னையே சொல்லுங்க. நீங்க எதுக்கு நடுவுல?"

"மாட்ட மறந்தது நீங்க, மாப்பிள்ளை. பார்க்காம விட்டது நான்."

சபையோரே, நான் சொல்ல வந்தது இதைத்தான். போன சனிக்கிழமை எடை பார்க்கப் பதினான்கு படகுகள் வந்தன. பதின்மூன்றைத் தராசில் ஏற்றினேன். பதினான்காவது என் வீட்டுப் படகு. மழை தூறியது, இடுப்பு வலித்தது, இதன் எடை எனக்குத் தெரியாதா என்ற எண்ணம் வந்தது. ஏற்றாமலே கையெழுத்திட்டேன். கான்வென்டில் எனக்குக் கணக்குப் பாடம் எடுத்த சிஸ்டர், விடை சரியாக இருந்தாலும் வழி எழுதவில்லையென்றால் சுழிதான் போடுவார். எனக்கு அப்போது விடையும் தப்பு, வழியும் இல்லை.

இதை மகளிடமும் சொன்னேன். அவள் ஈயத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். "அப்பா பேரு போட்ட கப்பும்மா" என்றாள்.

"அதனாலதான்" என்றேன்.

எழுந்து போய்த் தாள் எடுத்து வந்தாள். படகை விலக்கிக்கொள்வதாக நான்கே வரி எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். "எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்கோ. மேடைல நீயே சொல்லிடு. உனக்குத்தான் மைக்கை விட மனசு வராது."

பிழை ஒன்றும் இல்லை. ஐந்து ஆண்டுகள் முயன்று முதன்முதலாக வென்றவள் எழுதிய கடிதம் இது. நேற்று அவள் படகை ஓட்டியதைவிட இதைத்தான் நான் பெருமையாகப் பார்க்கிறேன்.

தலைவர் அவர்களே, கடிதம் இதோ. ஈயமும் இதோ. மேசை அதிர்கிறதா? இதைக் கைப்பையில் சுமந்துகொண்டுதான் படியேறி வந்தேன். வயதாகிவிட்டதே என்று கை கொடுத்தவர்களுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு தராசை ரொட்டிக்கடைத் தம்பியிடம் கொடுங்கள். முதலில் ஏற வேண்டிய படகு நாற்பத்தேழு. நாடாவை நான் பிடித்துக்கொள்கிறேன், அவர் சம்மதித்தால்.

இரண்டாவதாக வந்து, இப்போது முதலாவதாகிவிட்ட ரொட்டிக்கடை அண்ணன் தம்பி இருவரும் மேடைக்கு வாருங்கள். அண்ணன் கோப்பையின் ஒரு காதைப் பிடியுங்கள். தம்பி, நீங்கள் மறு காதை. போன ஆண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். நிறுத்துவேன் என்று அன்று வாயால் சொன்னேன். போன சனிக்கிழமை கரையில் நிறுத்தியிருக்க வேண்டிய படகை இன்று மேடையில் நிறுத்துகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. படம் எடுக்கும் தம்பி, இப்போது எடுங்கள். வணக்கம்.