நாற்பத்தொன்றாம் பக்கம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அடைக்கலமேரி டீச்சர் அவர்களே, தங்கையைப் பறிகொடுத்துப் பதினாறே நாளில் இந்த மேடைக்கு வந்து அமர்ந்திருக்கும் வெற்றிசெல்வன் அவர்களே, மணமேல்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் கடற்கரை உறவுகளே, ஒளிப்பட நண்பர்களே, திருவரங்குளம் பக்கத்திலிருந்து இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல் பின்சுவர் ஓரம் நிற்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் எழிலரசன். ஒளிப்படக் கலைஞர் பிரகதீஸ்வரி அவர்களின் இரண்டு புத்தகங்களையும் வடிவமைத்து அச்சிட்டவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவர் பெற்ற பரிசுகளைச் சொன்னார்கள். நான் வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நான்கு வருடமாக அதை நான் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாணப் படம் எடுக்கும் அண்ணனின் ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிரகதி. பிறகு அவரே கேமராவைத் தூக்கினார். எதை எடுத்தார்? கோயிலையா? கோபுரத்தையா? நார்த்தாமலைக்குப் போனால்கூட, மேலே ஏறி வந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாறையில் மல்லாந்து கிடக்கும் குடும்பத்தைத்தான் எடுத்தார். அவருடைய முதல் புத்தகம் 'கடலுக்குப் போகாத நாள்'. படகு நிழலில் சீட்டாடுகிறவர்கள், வலைக்குவியலில் சாய்ந்து போனில் பாட்டுக் கேட்கிறவர், முழங்கால்வரை சேலையை ஏற்றிக்கொண்டு அலையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியம்மாள். அந்த அம்மாள் இவரிடம் கேட்டாராம், "ஏம்மா, சும்மா ஒக்காந்திருக்கறதப் போயி புடிக்கிறியே, ஒனக்கு வேற வேல இல்லையா?" இவர் சொன்னாராம், "நீங்க வேல பாக்குறத நெறயப் பேரு புடிச்சிட்டாங்க ஆத்தா. ஒங்களப் பாக்கணும்னு நான் வந்தேன்."

அந்தப் புத்தகத்துக்குப் பிறகு, திருவரங்குளம் பக்கத்து ஒரு கிராமத்தில், நூறு நாள் வேலை செய்யும் பெண்களோடு நாற்பது நாள் இருந்தார். காலையில் அவர்களோடு கண்மாய்க்குப் போவார். மண் வெட்டும்போது கேமராவை எடுக்க மாட்டார். சாப்பாட்டு நேரத்தில்தான் எடுப்பார். அதிலிருந்து வந்தது இரண்டாவது புத்தகம், 'ஒரு மணி முதல் இரண்டு மணி வரை'. அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், கண்மாய்க் கரைப் புங்கமரத்தடியில் ஏழு பெண்கள் தூங்குகிறார்கள். பக்கத்தில் மண்வெட்டிகள், கூடைகள், கழுவிக் கவிழ்த்த தூக்குவாளிகள். அதைவிட நல்ல படம் ஒன்றை நான் அச்சிட்டதில்லை.

அந்தப் படத்துக்குக் கீழே பிரகதி இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு பேரின் பெயர். காலை ஏழு மணியிலிருந்து மண் வெட்டி, அளந்துவிட்ட குழியை முடித்துவிட்டுப் படுத்தவர்கள் என்ற செய்தி. அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரியை அடித்து நீக்கியவன் நான்.

"படத்துக்குக் கீழ எழுத்து இருந்தா எழுத்தத்தான் படிப்பாங்க பிரகதி, படத்தப் பாக்க மாட்டாங்க" என்றேன். "பேராவது இருக்கட்டும்ண்ணே" என்றார். "பேரும் வேண்டாம். புத்தகம் முழுக்க எழுத்தே இருக்கக் கூடாது, அதுதான் அழகு" என்றேன். என் வயதுக்கு மரியாதை கொடுத்து அவர் விட்டுக்கொடுத்தார்.

புத்தகம் வந்த மூன்றாம் மாதம், யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, 'நூறு நாள் வேலை நடக்கும் லட்சணம்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டார். நான்கே நாளில் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. எத்தனை சிரிப்பு, எத்தனை வசை! விசாரணை என்று ஒருவர் வந்தார். அந்த ஏழு பேரில் ஒருவரும், அன்று அந்த வேலைக்குப் பொறுப்பாளருமான மூக்காயி அம்மாளைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அவருடைய அனுமதியோடுதான் பெயரைச் சொல்கிறேன். மற்ற ஆறு பேருக்கும் ஏழு வாரம் வேலை இல்லை. மூக்காயி அம்மாளின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், "ஒங்கம்மா தூங்கிச் சம்பாரிச்சதுல வாங்குன தோடா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டு வரி இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்கலாம். விஷமம் செய்கிறவன் வரியை வெட்டிவிட்டும் அனுப்பலாம். நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. ஆனால் விசாரணைக்கு வந்தவரின் கையில் இருந்தது புத்தகம். அந்தப் பெண்கள் தங்களுக்குச் சாட்சியாக நீட்டுவதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இதே அரங்கில் ஒரு கூட்டம் போட்டோம். பலர் எழுந்து பிரகதியைக் கேட்டார்கள். ஏழைப் பெண்களின் தூக்கத்தை விற்றாயா என்றுகூட ஒருவர் கேட்டார். அவர் எழுந்து நின்று, "தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது வரிசையில் நான் இருந்தேன். என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் என் அச்சகத்துக்கு வந்தார். விற்காமல் கிடந்த முந்நூற்றுச் சொச்சம் பிரதிகளையும் இறக்கச் சொன்னார். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியாக எடுத்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் பேனாவால் எழுதினார். ஐந்து நாள் எழுதினார். ஒருமுறை நிமிர்ந்து, "நீங்களும் எழுதுறீங்களாண்ணே?" என்று கேட்டார். மிஷினில் வேலை ஓடுகிறது என்றேன். அன்று மிஷினில் எந்த வேலையும் ஓடவில்லை.

அதன் பிறகு அவர் மூக்காயி அம்மாள் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே கூப்பிடவில்லை.

"படத்தக் காட்டுனப்ப எல்லாரும் சிரிச்சீங்களே ஆத்தா, அதான் போட்டேன்" என்றிருக்கிறார் இவர்.

"சிரிச்சோம். எங்களுக்குள்ள இருந்த மட்டும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. நீ ஊருக்குல்ல காட்டிட்ட."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யிறேன்."

"தூங்குறப்பப் பாத்தேல்ல? இனிமே விடியுமுன்ன வா. நான் எப்ப எந்திரிக்கிறேன், எப்பப் படுக்குறேன்னு பாரு. பாத்துட்டு அதையும் போடு. ஏழு பேத்துக்கும் போடு."

மூன்றாவது புத்தகம் அப்படித்தான் தொடங்கியது. ஏழு பெண்கள், ஏழு முழு நாள். அதற்குள் பிரகதிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மிச்ச நாளில் உடம்பு இடம் கொடுத்தால், அந்தப் பெண்ணும் வரச் சொன்னால், போவார். ஒருவருடைய நாளை முடிக்க ஏழெட்டு மாதம் ஆனது. ஒருநாள் வெற்றிசெல்வன் கேமராப் பையை ஒளித்தே வைத்துவிட்டார். "அத எடுத்துட்டா நான் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிட்டு வாரவளா இருப்பேண்ணே" என்று அவர் சொன்னதும், அண்ணனே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போயிருக்கிறார். எப்போது ஓய்ந்தார் பிரகதி? ஊரார் ஓய்ந்திருப்பதைக் கண்ணாரப் பார்த்து எடுத்த அந்தப் பெண்மணி தான் எப்போது ஓய்ந்தார்? எனக்குத் தெரியவில்லை. அவரை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை. இதோ இந்தப் பூமாலைக்குள் இருப்பது ஆதார் அட்டைக்கு எடுத்த படம்.

மூன்று பெண்களின் நாள் முடிந்திருக்கிறது. நான்கு பேருடையது பாக்கி. பதினாறு நாளைக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே பிரகதியின் இதயம் நின்றுவிட்டது.

நேற்று நான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். மூக்காயி அம்மாளிடம், அந்த இரண்டு வரியை அடித்தவன் நான் என்று சொன்னேன். "அந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எடுத்தவரைக்கும் புத்தகமாகப் போட்டுவிடலாமா, பிரகதி நினைவாக இருக்குமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "வேண்டாம். மூணு பேரு மட்டும் வந்தா, மத்த நாலு பேரும் ஊருக்குத் தூங்குறவளுகளாவே இருந்துருவாளுக."

தோழர்களே, நான் என்ன செய்வேன்? எனக்கு அறுபத்து மூன்று வயது. எனக்கு அச்சுத் தெரியும், படம் எடுக்கத் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. பிரகதியின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னோம். எப்படித் தொடர்வோம்? அவர் கண்ணை எங்கே போய் வாங்குவோம்? பதினாறு நாளாக யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை. என்னால் ஆவது இவ்வளவுதான்: படங்கள் வந்தால், அந்தப் பெண்கள் சொல்லும் வரிகளை அவர்கள் சொன்னபடியே கீழே போட்டு அச்சிடுவேன். ஒரு சொல்லையும் அடிக்க மாட்டேன். அது என் உறுதி.

ஆனால் படங்கள் வேண்டும். இந்த அரங்கில் கேமரா வைத்திருப்பவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். இப்போது கை தூக்காதீர்கள். மேடைக்கு வந்து எனக்கு வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அந்த நான்கு பெண்களும் இங்கேதான், பின்சுவர் ஓரம் நிற்கிறார்கள். ஐந்தரை மணி பஸ்ஸில் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அதற்குள் அவர்களிடம் போய், உங்கள் பெயரைச் சொல்லி, வரட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

பேச்சை நிறுத்துகிறேன். இப்போதே மணி ஐந்து.